மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஸ்காட்லாந்து ஆசிரியர்களும் கியூபெக்கின் பழைய கட்டடங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்திலிருந்து கனடாவுக்குச் சென்ற கட்டடக்கலை ஆசிரியர்கள் அங்கே விட்டுச்சென்றது என்ன?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள மான்ட்ரியல் நகரின் மலைச்சரிவில் நிற்கும் கல் மாளிகைகளைப் பார்ப்பவர்கள், ஸ்காட்லாந்தியர் தம் ஊர்ப் பாணியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள் என்று எளிதில் முடிவுகட்டிவிடுவார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அது சிறிய உண்மை. மெக்கில் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறைக்கு 1896 முதல் 1939 வரை தலைமை தாங்கிய மூவரும் எடின்பரோவில் பயின்றவர்கள். அவர்களோடு ஒரு பழக்கமும் வந்து சேர்ந்தது. பழைய கட்டடம் ஒன்றைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்கு முன் அதன் வாசலில் போய் நிற்க வேண்டும். அளவு நாடாவும் தூக்குக்குண்டும் வைத்து ஒவ்வொரு சுவரையும் அளக்க வேண்டும். அளந்ததைத் தாளில் வரைய வேண்டும். வரையும்போதே அது ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்று புரிந்துகொள்ள வேண்டும். மாணவருக்கு இது பாடமாகவும், கட்டடத்துக்கு இது முதல் பாதுகாப்பாகவும் அமைந்தது. கல்வியும் பாதுகாப்பும் அவர்கள் கையில் ஒரே வேலையாக இருந்தன என்பதுதான் அவர்களை இன்றும் நினைக்க வைக்கிறது.

இது ஏன் மான்ட்ரியலில் நடந்தது?

பணமும் மக்களும் அங்கே ஸ்காட்லாந்தியராக இருந்ததால் நடந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் மெக்கில், கிளாஸ்கோவிலிருந்து வந்து விலங்குத்தோல் வணிகத்தில் செல்வம் சேர்த்தவர். அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1813-இல் இறந்தபோது அவர் எழுதிவைத்த சொத்திலிருந்து பிறந்த நிறுவனம் 1821-இல் அரசப் பட்டயம் பெற்றது. அதன் பிறகும் நெடுங்காலம் கட்டடக்கலைக்கென்று அங்கே ஒரு துறை இல்லை. எடின்பரோவில் பிறந்து மான்ட்ரியலில் தொழில் நடத்திய ஆண்ட்ரூ டெய்லர், 1890-இல் கியூபெக் மாகாணக் கட்டடக்கலைஞர் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். இளைஞர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று வற்புறுத்தியவர்களுள் அவரும் முன்னின்றார். புகையிலை வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய சர் வில்லியம் மெக்டொனால்டு, ஸ்காட்லாந்து வழிக் குடும்பமொன்றில் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தவர். அவர் அளித்த கொடையால் 1896-இல் கட்டடக்கலைப் பேராசிரியர் பதவி உருவாயிற்று. அந்தப் பதவி இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

முதல் பேராசிரியர் யார்? அவருக்கும் பழைய கட்டடங்களுக்கும் என்ன தொடர்பு?

ஸ்டூவர்ட் ஹென்பெஸ்ட் கேப்பர். லண்டனில் பிறந்து எடின்பரோவில் படித்து, பிறகு பாரிஸின் எக்கோல் தே பூசார் கலைப்பள்ளியில் பயின்றவர். மான்ட்ரியலுக்கு வருவதற்கு முன் அவர் எடின்பரோவில் பேட்ரிக் கெடிஸோடு சேர்ந்து பணிசெய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். உயிரியல் அறிஞராகத் தொடங்கி நகரமைப்புச் சிந்தனையாளராக மாறிய கெடிஸ், 1880-களில் எடின்பரோவின் பழைய நகருக்குள்ளேயே குடியேறினார். இடிக்கத்தக்கவை என்று மற்றவர்கள் ஒதுக்கிய பழைய அடுக்கு வீடுகளைச் சீர்செய்து மீண்டும் மக்களைக் குடியமர்த்தினார். கோட்டைக்கு அருகே அவர் எழுப்பிய ராம்சே கார்டன் குடியிருப்பின் தொடக்க வரைவுகள் கேப்பருடையவை. பழைய நகரத்தை வாழும் நகரமாகவே காப்பாற்ற முடியும் என்பதை அவர் நூல்வழி அறியவில்லை, வேலைத்தளத்தில் கண்டிருந்தார்.

1903-இல் அவர் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போய்விட்டார். ஏழே ஆண்டுகளில் பெரிதாக எதையும் நிறுவிவிட முடியாது; கல்வித்திட்டத்துக்கு ஒரு கட்டுக்கோப்பை அமைத்துக் கொடுத்தார் என்று சொன்னால் போதும்.

பெர்சி நாப்ஸ் எதை மாற்றினார்?

கேப்பருக்குப் பின் வந்த பெர்சி எர்ஸ்கின் நாப்ஸ், 1875-இல் ஸ்காட்லாந்தின் ஹாடிங்டனில் பிறந்தவர். சிறுவயதை ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கழித்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ராபர்ட் லோரிமரிடம் தொழில் பயின்றவர். லோரிமர், ஸ்காட்லாந்தின் பழைய கோட்டை வீடுகளையும் பண்ணை வீடுகளையும் பழுதுபார்ப்பதில் புகழ்பெற்றவர். கல்லை வெட்டுபவர், மரத்தைச் செதுக்குபவர், இரும்பை அடிப்பவர் ஆகியோரின் கைத்திறனை மதித்து வளர்ந்த கலை-கைவினை இயக்கத்தின் மனிதர் அவர்.

அக்காலத்தில் வட அமெரிக்கக் கட்டடக்கலைப் பள்ளிகள் பெரும்பாலும் பாரிஸ் முறையைப் பின்பற்றின. எந்த ஊரில் எழப்போகிறது என்பதைப் பற்றிக் கவலைப்படாமல், தூண்வரிசையும் சமச்சீரும் நிறைந்த பெருங்கட்டடத்தைத் தாளில் அழகாக வரைந்து காட்டுவதே மாணவரின் திறமைக்கு அளவுகோலாக இருந்தது. நாப்ஸ் இதற்கு எதிர்த்திசையில் நடந்தார். பனியும் கடுங்குளிரும் உள்ள நாட்டில், அங்கே கிடைக்கும் கல்லையும் மரத்தையும் கொண்டு, அந்த மண்ணின் முன்னோர் எப்படிக் கட்டினார்கள் என்று தெரியாத ஒருவர் நல்ல கட்டடக்கலைஞராக முடியாது என்பது அவருடைய உறுதி. அவரே கட்டியும் காட்டினார். 1907-இல் தீக்கிரையான பொறியியல் கட்டடத்தை மீண்டும் எழுப்பினார். மாணவர் சங்கத்துக்கென அவர் வடிவமைத்த கட்டடம்தான் இன்று மெக்கார்டு ஸ்டூவர்ட் அருங்காட்சியகத்தின் இல்லம். துறைத் தலைமையை விட்ட பின்னும் அவர் அங்கே நெடுங்காலம் வடிவமைப்பு கற்பித்தார்.

அளந்து வரையும் பழக்கம் ஸ்காட்லாந்தில் எப்படித் தோன்றியது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தொழிற்சாலைகளும் ரயில் பாதைகளும் பழைய நகரங்களை விழுங்கிக்கொண்டிருந்தபோது, டேவிட் மெக்கிப்பன், தாமஸ் ராஸ் என்ற இரு எடின்பரோக் கட்டடக்கலைஞர்கள் ஸ்காட்லாந்து முழுவதும் சுற்றி, கோட்டைகளையும் கோட்டை வீடுகளையும் நேரில் பார்த்து வரைந்தார்கள். அந்த வரைபடங்கள் 1887 முதல் 1892 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தன. அடுத்து, 1892-இல் ராபர்ட் ரோவன்ட் ஆண்டர்சன் எடின்பரோவில் பயன்கலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1895 முதல் அங்கே உதவித்தொகை பெற்ற மாணவர்கள் நாட்டின் பழைய கட்டடங்களை அளந்து வரையும் தேசியக் கலை அளவைப் பணி நடைபெற்றது. மாணவரின் பயிற்சி ஏடு நாட்டின் ஆவணமாகவும் ஆகும்படி செய்த இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். வகுப்பு முடிந்ததும் குப்பைக்குப் போகும் பயிற்சியாக அது இல்லை.

அளத்தல் என்றால் என்ன என்பதையும் இங்கே விளக்கிவிட வேண்டும். பழைய வீட்டின் அறை பார்ப்பதற்குச் செவ்வகமாகத் தோன்றும்; மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்தால் அவை சமமாக இருக்காது. ஆகவே நான்கு பக்கங்களோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால்தான் அறையின் உண்மை வடிவம் தாளில் வரும். சுவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைத் தூக்குக்குண்டு சொல்லும். தரை எங்கே இறங்கியிருக்கிறது என்பதை ரசமட்டம் சொல்லும். கதவுச் சட்டத்தின் செதுக்கல் போன்ற நுணுக்கங்களைக் குறுக்காமல் உண்மை அளவிலேயே வரைவார்கள். இந்த வேலையில் நாள் முழுதும் கழித்த மாணவர், ஒரு சுவர் மற்றதைவிட ஏன் தடிமனாக இருக்கிறது, ஜன்னல் ஏன் நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. கட்டடக்கலை வரலாறு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

ராம்சே டிராக்வேர் யார்?

1874-இல் எடின்பரோவில் பிறந்தவர். தந்தை தொல்லுயிர் மீன்களை ஆராய்ந்த அறிஞர், எடின்பரோ அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். தாயார் ஃபீபி அன்னா டிராக்வேர், டப்ளினில் பிறந்து ஸ்காட்லாந்தின் கலை-கைவினை இயக்கத்தில் முதன்மையான ஓவியராக விளங்கியவர். கெடிஸ் தொடங்கிய எடின்பரோ சமூகச் சங்கத்தின் வழியாகவே குழந்தைகள் மருத்துவமனையின் சிற்றாலயத்தில் சுவரோவியம் தீட்டும் வாய்ப்பு 1885-இல் ஃபீபிக்குக் கிடைத்தது. கேப்பரையும் டிராக்வேர் குடும்பத்தையும் இணைத்த அந்த வட்டம் அவ்வளவு சிறியது, அவ்வளவு வளமானது.

மகன் ராம்சே கிரேக்கத்திலும் இஸ்தான்புல்லிலும் பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமப் பேரரசுக் காலத்துக் கட்டடங்களை அளந்தவர். இஸ்தான்புல்லின் பைசாந்தியத் தேவாலயங்களைப் பற்றி 1912-இல் வெளிவந்த பெருநூலுக்கு உதவியவர்களுள் முதன்மையானவர். 1913-இல் மெக்கிலின் துறைத் தலைவராக வந்து, 1939-இல் ஓய்வுபெறும் வரை அங்கேயே இருந்தார். ஐரோப்பாவின் நினைவுச்சின்னங்களைப் பார்த்துப் பழகிய கண், செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையின் குடியானவர் வீட்டை அதே அக்கறையோடு பார்த்தது. இவருடைய பெருமை அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அவரும் மாணவர்களும் கியூபெக்கில் எதைக் கண்டார்கள்?

முதலில் வீடுகளை. கரடுமுரடான கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய தடித்த சுவர்கள், செங்குத்தான கூரை, அதன் கீழ்நுனியில் மெல்ல வெளிப்பக்கம் வளைந்து நீளும் இறவாரம். அந்த வளைவு மழைநீரையும் உருகும் பனியையும் சுவரில் படாமல் தள்ளிவிடும். ஈரம் புகுந்த சாந்து குளிரில் உறைந்து வெடிக்கும் என்பதால், காற்று மோதும் பக்கத்துச் சுவரைப் பலகையால் மூடினார்கள். 1721-இல் மான்ட்ரியலில் பெருந்தீ ஏற்பட்ட பிறகு, 1727-இல் பிரெஞ்சு நிர்வாகம் நகரங்களுக்குக் கடுமையான கட்டட விதிகளை வகுத்தது. அவற்றின்படி, பக்கத்து வீட்டுக்குத் தீ தாவாதபடி இரு ஓரச் சுவர்களும் கூரைக்கு மேலே எழும்பி நிற்க வேண்டும். பிற்காலத்தில், அண்டை வீடே இல்லாத கிராமத்துப் பண்ணை வீடுகளிலும் அந்தத் தீத்தடுப்புச் சுவர்கள் தோன்றின. விதியாகப் பிறந்தது மதிப்புக்குரிய அழகாக மாறிவிட்டதை இப்படித்தான் கட்டடங்கள் காட்டிக்கொடுக்கின்றன.

அடுத்து, தேவாலயங்களை. வெளியே எளிய கல்சுவராக நிற்கும் ஊர்க்கோயிலின் உள்ளே போனால், வெள்ளையும் பொன்னுமாகத் தீட்டிய மரச்செதுக்கல் பீடம் முதல் விதானம் வரை நிறைந்திருக்கும். லெவாசூர், பையர்ஜே ஆகிய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்தன. லூயி-அமாப்ள் கெவியோன் (1749-1823) மான்ட்ரியலுக்கு வடக்கே நடத்திய பட்டறையில் பயின்றவர்கள் பல ஊர்களின் தேவாலயங்களைச் செதுக்கி அலங்கரித்தார்கள். கியூபெக் நகருக்கு அருகே உள்ள ஓர்லியான் தீவின் செயின்ட் ஃபமீய், செயின்ட் ஃபிரான்சுவா தேவாலயங்களைப் பற்றி டிராக்வேரும் மாரியஸ் பார்போவும் சேர்ந்து எழுதிய ஆய்வுகளை 1926-இல் மெக்கில் வெளியிட்டது. பார்போ கியூபெக்கின் பிரெஞ்சு மொழிக்காரர், நாட்டார் வழக்காற்று அறிஞர். தேவாலயத்தின் கணக்குப் புத்தகங்களில், எந்தப் பீடத்துக்கு எந்தத் தச்சருக்கு எவ்வளவு கூலி கொடுத்தார்கள் என்ற குறிப்புகள் இருந்தன. ஒருவர் ஏட்டைப் படித்தார், ஒருவர் மரத்தையும் கல்லையும் படித்தார். இரண்டும் பொருந்தும் இடத்தில் தேதி உறுதியாயிற்று.

ஆங்கிலம் பேசிய ஸ்காட்லாந்தியர் ஒருவருக்குப் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் கட்டடங்களின்மீது ஏன் இத்தனை ஈடுபாடு?

அவருடைய பின்னணியிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். பெரிய அண்டை நாடொன்றின் பண்பாட்டு வலிமைக்கு அருகில் வாழ்ந்து, தன் சிற்றூர்களின் கல்வீடுகளில் தன் தனித்தன்மையைத் தேடிய தலைமுறை அது. அந்தத் தலைமுறையில் வளர்ந்தவருக்கு, ஆங்கிலக் கனடாவின் நடுவே தன் மொழியையும் வழக்கங்களையும் காத்துநின்ற கியூபெக் புதிராகத் தோன்றியிருக்காது. பிரான்சின் நடுக்காலக் கட்டட மரபு, தாய்நாட்டில் மாறிய பின்னும் இங்கே தொடர்ந்து வாழ்ந்தது என்று அவர் கருதினார். ஆனாலும் மான்ட்ரியலின் ஆங்கிலச் சமூகம் பெரும்பாலும் இந்த வீடுகளைத் திரும்பிப் பார்க்காத காலத்தில், தன் மாணவர்களைக் கோடைதோறும் அங்கே அழைத்துச்செல்ல ஒருவருக்கு மனம் இருந்தது என்பதைப் பின்னணி மட்டும் விளக்கிவிடாது.

கியூபெக்கின் மரபைக் காத்தவர்கள் ஸ்காட்லாந்தியர் மட்டுமா?

இல்லவே இல்லை. கியூபெக் சட்டமன்றம் 1922-இலேயே வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் சட்டத்தை இயற்றி, அதற்கென ஓர் ஆணையத்தையும் அமைத்தது. அதன் செயலராக இருந்த பியர்-ஜார்ஜ் ருவா, பழைய தேவாலயங்களையும் வீடுகளையும் பற்றிய பெரிய தொகுதிகளை 1920-களில் வெளியிட்டார். மான்ட்ரியலின் ஷாத்தோ ராமசே மாளிகை உள்ளிட்ட முதல் மூன்று கட்டடங்கள் 1929-இல் பட்டியலில் சேர்ந்தன. 1937-இல் ஜெரார்ட் மொரிசே மாகாணம் முழுவதற்குமான கலைப்பொருள் பதிவைத் தொடங்கினார். இந்தப் பெருமுயற்சிகளுக்குள் மெக்கில் சேர்த்தது, அளவு பிசகாத வரைபடம்.

இவர்களிடம் குறைகள் இல்லையா?

உண்டு, அவை சிறியவையும் அல்ல. டிராக்வேரின் பார்வையில் கியூபெக்கின் உண்மையான மரபு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவோடு முடிந்துவிட்டது. அதற்குப் பின் எழுந்தவை, குறிப்பாகத் தொழிலாளர்கள் வாழ்ந்த, தெருப்பக்கம் வெளிப்படிக்கட்டு இறங்கும் மான்ட்ரியல் அடுக்கு வீடுகள், அவருடைய அக்கறைக்கு வெளியே நின்றன. பழையது என்றால் பிரெஞ்சு ஆட்சிக்கால மரபு என்ற எண்ணம் பரவலாக இருந்ததால், பிற்காலக் கட்டடங்களுக்காக வாதாட நெடுநாள் ஆளில்லை. ஷெர்புரூக் தெருவில் இருந்த வான் ஹார்ன் மாளிகை 1973-இல் இடிக்கப்பட்டபோதுதான் நகரம் கொதித்தெழுந்தது. அதன் தொடர்ச்சியாக 1975-இல் ஹெரிடேஜ் மான்ட்ரியல் அமைப்பு பிறந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் நெடுவீடுகள் கட்டி வாழ்ந்த தொல்குடிகளின் கட்டட அறிவும் அந்தத் தலைமுறையின் வரைபடங்களில் இடம்பெறவில்லை.

இன்னொன்று என்னைக் கூடுதலாக வருத்துகிறது. டிராக்வேர் தலைமையில் இருந்த காலம் முழுவதும் துறையில் பெண்களுக்கு இடமில்லை. அவர் ஓய்வுபெற்ற 1939-இல்தான் கதவு திறந்தது. கேத்தரின் சார்டு விஸ்னிக்கி 1943-இல் அங்கே பட்டம் பெற்ற முதல் பெண்ணானார். தாயின் தூரிகை வருவாயையும் புகழையும் கண்டு வளர்ந்த மகன் இப்படி இருந்தது வேதனைதான்.

கனடாவின் பிற பகுதிகளிலும் இத்தகைய தாக்கம் உண்டா?

உண்டு. பம்பாயில் பிறந்து எடின்பரோவில் பயின்ற சிசில் பர்ஜஸ், முதலில் மெக்கிலில் கற்பித்து, 1913-இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1940 வரை அங்கே கட்டடக்கலையைக் கற்பித்தார். டொரான்டோவில் 1933-இல் ஒன்டாரியோ கட்டடக்கலைப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கிய எரிக் ஆர்தரைச் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பதுண்டு. அவர் ஸ்காட்லாந்தியர் குடியேறி உருவாக்கிய நியூசிலாந்து நகரமான டனீடனில் பிறந்தவர், இங்கிலாந்தின் லிவர்பூலில் பயின்றவர். ஆகவே அவரை உறவினர் வரிசையில் வைக்கலாமே தவிர, அதே குடும்பம் என்று சொல்ல இயலாது.

இந்த மரபுக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பே உண்டு. கேப்பரின் நண்பரான அதே பேட்ரிக் கெடிஸை, ஸ்காட்லாந்தியரான சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லாண்டு பிரபு 1914-இல் அழைத்தார். நகரங்களைப் பற்றி அவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்தது. சென்னையில் குண்டு வீசிய அதே எம்டன்தான். நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு 1915-இன் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடத்தினார். பிறகு மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட மாகாண நகரங்களின் தெருக்களில் நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். சுகாதாரத்தின் பெயரால் நெருக்கமான குடியிருப்பின் குறுக்கே நேர்கோட்டில் அகலச் சாலை வெட்டுவதை அவர் எதிர்த்தார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, அந்த இடத்தைச் சிறு திறந்தவெளியாக்கி, மரம் நட்டு, மற்றவற்றைப் பழுதுபார்த்தால் செலவும் குறையும், மக்களும் இடம்பெயர வேண்டியதில்லை என்றார். எடின்பரோவின் பழைய நகரில் அவர் செய்து பார்த்த முறை அது.

இதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்த காலின் மெக்கன்சி தென்னிந்தியாவை அளந்திருந்தார். அவரும் அவருடைய உதவியாளர்களும் அமராவதித் தூபியின் சிற்பங்களை வரைந்த தாள்களில் சில, பின்னர் காணாமற்போன கற்களுக்கு மிஞ்சிய சாட்சிகளாக இருக்கின்றன. காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா சகோதரர்கள் போன்ற உள்ளூர் அறிஞர்களின் உழைப்பு இல்லாமல் மெக்கன்சியின் தொகுப்பு இல்லை என்பதைத் தமிழ் வாசகர்கள் மறக்கலாகாது.

டிராக்வேருக்குப் பிறகு என்ன ஆயிற்று? அந்த வரைபடங்கள் இப்போது எங்கே இருக்கின்றன?

டிராக்வேர் நோவா ஸ்கோஷியாவின் கடலோர ஊரொன்றில் ஓய்வெடுத்தார், கியூபெக்கின் பழைய கட்டடக்கலை பற்றிய அவருடைய நூல் 1947-இல் வெளிவந்தது, 1952-இல் மறைந்தார். அவரிடமும் நாப்ஸிடமும் படித்த ஜான் பிளாண்டு 1941-இல் தலைமையேற்று, பாடத்திட்டத்தை நவீனக் கட்டடக்கலையின் பக்கம் திருப்பினார். ஆயினும் பழைய ஆசிரியர்களின் தாள்களை அவர் கைவிடவில்லை. பின்னாளில் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர்களான ஆர்தர் எரிக்சனும் மோஷே சஃப்டியும் பயின்ற அதே துறையின் வரைபடங்களைக் கொண்ட காப்பகம், இன்று பிளாண்டின் பெயரோடு மெக்கில் நூலகத்தில் இருக்கிறது. டிராக்வேரின் அளவை வரைபடங்களும் நிழற்படங்களும் அங்கே உள்ளன.

வரைந்துவைப்பதால் கட்டடம் பிழைத்துவிடுமா என்று கேட்பவர்கள் ஓர்லியான் தீவின் கிழக்கு முனைக்குப் போய்வரலாம். 1730-களில் கட்டப்பட்ட செயின்ட் ஃபிரான்சுவா தேவாலயத்தின்மீது 1988-இல் கார் ஒன்று மோதித் தீப்பிடித்ததில், உள்ளே இருந்த மரவேலைப்பாடு முழுவதும் எரிந்துபோயிற்று. நின்ற கல்சுவர்களுக்குள் தேவாலயத்தை மீண்டும் எழுப்பினார்கள். சுவர் பழையது, உள்ளே இருக்கும் மரம் புதியது. எரிந்துபோன பீடம் எப்படி இருந்தது என்பதை 1926-இன் ஆய்வில் இன்றும் பார்க்கலாம்.